தூங்கி விழும் கோழி: சில குறிப்புகள்

கோழிக்கு என்ன வந்தாலும் நம்ம ஊரில் அதற்கு ஒரே வார்த்தைதான்: "தூங்குது". வயிற்றில் புழு இருந்தாலும் தூங்குது, முட்டை உள்ளே மாட்டிக்கொண்டாலும் தூங்குது, கொள்ளைநோய் வந்து தெருவே காலியாகப் போகிறது என்றாலும் முதல் நாள் தூங்கத்தான் செய்யும். இறகெல்லாம் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வேலியோரம் நிற்கும். மருந்துக்கடையில் போய் "கோழி தூங்குதுங்க" என்றால் கடைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கிற அதே பொட்டலத்தைக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் சொன்னதிலிருந்து அவர் வேறு எதைக் கண்டுபிடிப்பார்?

இந்தத் தூக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் அது ஏன் எல்லா நோயிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது. கோழியின் உடல்சூடு நம்மைவிட அதிகம், 41 முதல் 42 டிகிரி வரை இருக்கும். அந்தச் சூட்டைத் தக்கவைக்க நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரை எடுப்பது நின்றவுடன் அடுப்புக்கு விறகு நின்ற மாதிரிதான். உடனே இறகைச் சிலிர்த்து, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அசையாமல் நின்று இருக்கிற சூட்டை மிச்சம் பிடிக்கிறது. ஆக, சிலிர்த்து நிற்பது எந்த நோயின் அடையாளமும் இல்லை. "நான் சாப்பிடவில்லை" என்பதைத் தவிர அதில் வேறு தகவல் கிடையாது.

இரண்டாவது, கோழி நோயை மறைக்கும். நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப் என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளை உட்கார்ந்து கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று கணக்கெழுதி வைத்து, 1920களின் தொடக்கத்தில் அதையே ஆய்வாக வெளியிட்டார். கூட்டத்தில் யார் பெரிய ஆள், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற வரிசை கோழிகளுக்குள் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். நம்ம பாட்டிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான், கணக்கெழுதவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையில் தளர்ந்து தெரிகிற கோழிக்கு நாலு பக்கமும் கொத்து விழும். அதனால் முடிந்தவரை மேய்கிற மாதிரியே நடித்துக்கொண்டிருக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் கோழி நமக்குக் காட்டிய நேற்று.

இந்த நடிப்பு கண்ணைத்தான் ஏமாற்றும், கையை ஏமாற்றாது. கோழியைத் தூக்கி நெஞ்சுப் பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு எலும்பு நீளமாக ஓடும். அதன் இரண்டு பக்கமும் சதை மேடாக இருந்தால் நோய் ஓரிரு நாளில் வந்தது. எலும்பு கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பள்ளமாக இருந்தால் இந்தக் கோழி வாரக்கணக்கில் இளைத்துக்கொண்டு வந்திருக்கிறது, இறகு அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். இன்று வந்ததா, பழையதா என்ற இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி நோய்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

ஆனால் தூக்குவதற்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு கோழியா, பல கோழியா? இரண்டு மூன்று நாளுக்குள் அடுத்தடுத்துக் கோழிகள் சுருண்டால் துப்பறிகிற வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு கால்நடை மருந்தகத்துக்குப் போன் பண்ண வேண்டும். செத்ததை வெறும் கையால் தொடக் கூடாது, அறுக்கவும் கூடாது. பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் வரக்கூடியது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் அது இந்தியாவில் முதல்முறை உறுதியானதிலிருந்து, கூட்டமாகக் கோழி சாவது வீட்டு விவகாரமாக இல்லாமல் போய்விட்டது.

ஒரே ஒரு கோழிதான் என்றால் நமக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

கழுத்துக்குக் கீழே இருக்கிற தீனிப்பையை விடியற்காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், சாயங்காலம் பார்த்துப் பிரயோசனமில்லை. ராத்திரி அடையும்போது நிறைந்திருக்கும் பை, பொழுது விடியும்போது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி இருந்தால் நீளமான புல்லோ, சணல் கயிறோ, பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கலாம். தண்ணீர் பலூன் மாதிரித் தளதளவென்று இருந்து, வாயில் புளிச்ச மாவு வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை வளர்கிறது. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கி வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அந்தத் தண்ணி மூச்சுக்குழலில் போய் அங்கேயே செத்துவிடும்.

எச்சத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், படிக்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் சுருக்குகிறேன். நல்ல எச்சத்தில் கரும்பச்சையோ பழுப்போ ஒரு பகுதி, அதன் மேல் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை ஒரு பகுதி. அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். நடுநடுவே களிம்பு மாதிரி பழுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு ஒன்று போடும். பெருங்குடலை ஒட்டிய பைகளிலிருந்து வருவது அது. அதைப் பார்த்து "பேதி" என்று பயந்து மருந்து வாங்க ஓடுகிறவர்கள் நிறைய, அது இயல்பானதுதான். பச்சையாக மட்டும் கழிந்தால் குடலில் இரை இல்லை, பித்தநீர் மட்டும் வருகிறது என்று அர்த்தம். பச்சை பட்டினியைக் காட்டுகிறது, பட்டினிக்குக் காரணம் எது என்று காட்டாது. குஞ்சுகளில், குறிப்பாக மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை, ரத்தம் கலந்து வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அது ரத்தக்கழிச்சல், ஈரமான தரையில் பெருகுகிற ஒட்டுண்ணியின் வேலை.

முட்டை மாட்டிக்கொண்ட கோழியைக் கண்டுபிடிப்பது இவற்றில் சுலபம். நெட்டுக்குத்தாக நிற்கும், வால் மேலும் கீழும் துடிக்கும், திரும்பத் திரும்பக் கூடைக்குப் போய் உட்கார்ந்து எழுந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய அரைமணி நேரம் உட்கார வைத்து இருட்டான இடத்தில் விட்டால் பல சமயம் முட்டை இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் மருத்துவர்தான். உள்ளே உடைத்து எடுக்கப் பார்ப்பது கோழியைக் கொல்கிற வழி.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்று. அம்மா வளர்க்கிற கோழிகளில் ஒரு செவலைக் கோழி. போன சித்திரையில் பதினொரு முட்டை வைத்து அவயத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் வாக்கில் கொண்டை வெளுத்து, சுருங்கி, கண்ணைத் திறக்கவே யோசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்து, "அவயத்துல இருக்கிற கோழி இப்படித்தான் வாடும், விடு" என்றார். மாமா வந்து, "வெள்ளிக்கிழமை வியாபாரி வருவான். எடை இருக்கும்போதே குடுத்துடுக்கா. செத்துப்போனா கோழியும் போச்சு, முட்டையும் போச்சு" என்றார். அன்றைக்குப் புதன்கிழமை.

பெரியம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. அடைகாக்கிற கோழி நாளைக்கு ஒருமுறைதான் எழும், எடை குறையும், கொண்டையும் வெளுக்கும். அதனால் அடைக்கோழியின் நோயைக் கண்டுபிடிப்பது இரட்டிப்புக் கஷ்டம். ஆனால் ஒரு சோதனை உண்டு. கூடையிலிருந்து தூக்கி முற்றத்தில் விட்டால் நல்ல அடைக்கோழி பந்து மாதிரி உப்பிக்கொண்டு "கொக் கொக்" என்று சண்டைக்கு வரும். முட்டை அளவுக்கு ஒரு எச்சம் போடும், அவசரமாக நாலு வாய் கொத்தும், மண்ணில் புரளும், ஓடிப்போய்த் திரும்ப உட்காரும். செவலை விட்ட இடத்திலேயே நின்றது. கண்ணின் கீழ் இமையை அம்மா விரலால் இழுத்துப் பார்த்தார், உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை. நெஞ்சில் சதை இருந்தது, தீனிப்பை காலி, மூக்கில் சளி இல்லை. மற்ற கோழிகளுக்கு ஒன்றுமில்லை. ரத்தம் குறைகிறது, அதுவும் சீக்கிரமாக, அதுவும் இந்த ஒரு கோழிக்கு மட்டும். இந்த ஒரு கோழிக்கு மட்டும் என்ன வித்தியாசம்? இது மட்டும்தான் ராத்திரியும் பகலும் அந்தக் கூடையில் இருக்கிறது.

"கோழியப் பாத்தது போதும். ராத்திரி கூடையப் பாப்போம், நீ லைட்டப் பிடி" என்றார் அம்மா. ஒன்பது மணிக்கு மேல் வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கூடையின் பின்னல் இடுக்கில் அழுத்தித் தேய்த்தார். துணியில் குங்குமம் ஈஷின மாதிரி கோடுகோடாகச் சிவப்பு. செள்ளு. கடுகில் கால்வாசிகூட இருக்காது. பட்டினியாக இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. பகலில் கோழியின் உடம்பைத் தேடினால் கிடைக்காது, இடுக்குகளில் போய் ஒளிந்துகொள்ளும். ராத்திரி வந்து குடித்துவிட்டுத் திரும்பப் போய்விடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஒரு வாரம் போதும் அதற்கு. இருபத்தொரு நாள் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோழி அதற்குக் கல்யாணப் பந்திதான்.

அன்று ராத்திரியே வைக்கோலை எல்லாம் எரித்து, வேறு கூடையில் புது வைக்கோலும் நொச்சி இலையும் போட்டு முட்டைகளை மாற்றியாச்சு. பழைய கூடைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூன்று நாள் வெயில். கோழிக்கு இறகின் அடிவரை சாம்பல். முக்கியமாக, இதோடு முடித்துவிடாமல் ஒரு வாரம் கழித்துத் துணியை வைத்து மறுபடி பார்த்தார் அம்மா, முதல் தடவை தப்பின முட்டைகள் பொரிந்திருக்கும் என்பதால். ஏழு குஞ்சு பொரித்தது, நாலு கூமுட்டை. கொண்டை சிவக்க அதற்கப்புறமும் சில வாரம் ஆனது. வியாபாரிக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒரு சேவலைக் கொடுத்தோம்.

கோழியைப் பார்ப்பதை விட்டுவிட்டு கூடையைப் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏனென்றால் மருத்துவ வரலாற்றின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று சரியாக இந்த மாதிரிதான் நடந்தது, அதுவும் உடம்பு சரியில்லாத கோழிகளை வைத்து. 1890ஐ ஒட்டி, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவில் கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். கால் விளங்காமல் போய், இதயம் பலவீனமாகி ஆயிரக்கணக்கில் மக்கள் சாகிற நோய். ஐக்மான் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர், காலமோ எல்லா நோய்க்கும் கிருமி கிடைத்துக்கொண்டிருந்த காலம். அவரும் கிருமியைத்தான் தேடினார்.

நோயாளிகளின் ரத்தத்தை ஏற்றி சோதிப்பதற்கென்று வைத்திருந்த கோழிகள் ஒருநாள் தள்ளாட ஆரம்பித்தன. கால் மடங்கி, பிறகு பக்கவாட்டில் விழுந்து, செத்தன. கிருமி பிடித்தது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் எதுவும் ஏற்றாத கோழிகளும் அதேபோல் விழுந்தன. சில மாதம் இப்படிப் போய், எந்த மருந்தும் கொடுக்காமலேயே எல்லாம் சரியாகிவிட்டது! விசாரித்ததில், கோழி பார்க்கிற ஆள் செலவை மிச்சம் பிடிக்க ராணுவ மருத்துவமனை அடுப்படியிலிருந்து மிஞ்சின வெள்ளைச் சோற்றை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. இடையில் சமையல்காரர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர், ராணுவ அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கோழிகள் பழையபடி தவிட்டோடு இருக்கிற அரிசிக்குத் திரும்பின, எழுந்து நடந்தன. பெயர் தெரியாத அந்தச் சமையல்காரரின் கறார்தனத்துக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

அதற்கப்புறமும் ஐக்மான், தீட்டின அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றுதான் நினைத்தார். இருக்கிற எதுவும் நோயைத் தரவில்லை, இல்லாத ஒன்றுதான் தருகிறது என்று 1901ல் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே வேலை பார்த்த கெரிட் க்ரைன்ஸ். அந்த இல்லாத பொருள், வைட்டமின் பி1 என்கிற தயமின், 1926ல் அதே ஊரில் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1929ல் ஐக்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம்ம பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு: குன்னூரில் இருந்து ராபர்ட் மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டின அரிசி கொடுத்து இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு பெரிபெரி ஏன் அரிது என்பதற்கும் காரணம் இதுதான். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் அதைக் கழுவி, கஞ்சி வடித்து, கழுநீர்த் தொட்டியில் ஊற்றி மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பது வேறு கதை.

மேய்கிற கோழிக்கு இந்தக் குறை வராது. புழு, கீரை, குப்பை என்று அது தேடிக்கொள்ளும். மொட்டை மாடிக் கூண்டில் பச்சரிசிச் சோறு மட்டும் தின்கிற கோழிக்கு வரலாம். கழுத்து பின்னால் வளைந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இன்னொரு வழியிலும் வரும். ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கிற அம்ப்ரோலியம் என்ற மருந்து பார்ப்பதற்கு தயமின் மாதிரியே இருக்கிற ஒரு பொருள். ஒட்டுண்ணி அதை தயமின் என்று ஏமாந்து எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. ஆனால் சொன்ன நாளைத் தாண்டி "இருக்கட்டும்" என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் குஞ்சும் அதே மாதிரி ஏமாறும். தயமின் குறையால் வளைந்த கழுத்து, வைட்டமின் கொடுத்தால் ஒருநாளுக்குள்ளேயே நிமிர ஆரம்பிக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், நம்ம ஊரில் திருகின கழுத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் நினைவு வருவது வேறொன்று: வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் ஊரிலும் தெரியவந்து, அடுத்த ஓரிரு வருடத்தில் இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கேத்தில் பதிவானதால் இங்கே அந்தப் பெயர். வாயைத் திறந்து மூச்சுவிடும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத தெருவில் புகுந்தால் பஞ்சாரங்கள் காலி. வைரஸ் என்பதால் வந்தபின் மருந்து கிடையாது. கழுத்து மட்டும் திருகி, ஒரே கோழி, மூச்சு நன்றாக இருக்கிறது, கூண்டில் சோறு மட்டும் தின்கிறது என்றால் தயமினை யோசிக்கலாம். கூடவே மூச்சும் கழிச்சலும் சாவும் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

மாமா சொன்ன யோசனை ஆபத்தாவது இங்கேதான். நோய் உடம்பில் புகுந்து வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. ஒரு கோழி தூங்கினதுமே மீதியை "எடை இருக்கும்போதே" வியாபாரியிடம் தள்ளினால், நன்றாகத் தெரிகிற அந்தக் கோழிகள் நோயைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போய், அங்கிருந்து நாலு ஊருக்குப் பிரியும். விற்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பல வீடுகளில் கோழிக்காசுதான் அந்த அம்மாவின் கையில் யாரையும் கேட்காமல் இருக்கிற ஒரே காசு. செத்துப்போவதற்கு முன் அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அதனால் "விற்காதே" என்று அறிவுரை சொல்வதைவிட ஊசி போடுவதைச் சுலபமாக்குவதுதான் நடக்கிற காரியம்.

அதில் இருக்கிற சிக்கல் விலை இல்லை, அளவு. தடுப்பூசிக் குப்பி நூறு, இருநூறு கோழிக்கென்று வருகிறது. கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? தெருவாகச் சேர்ந்தால்தான் முடியும். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரம் ஆனபின் இறக்கையில் ஊசி. அந்த ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதுவே படுக்க வைத்துவிடும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னாடி குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் நல்லது, புழு இருக்கிற கோழிக்கு ஊசி சரியாகப் பிடிக்காது. முகாம் எந்த நாள் என்று தெரிந்தால் முந்தின ராத்திரியே தெருவில் சொல்லிவிடுங்கள், ஊசி போடுகிறவர் வருகிறவரை யாரும் பஞ்சாரத்தைத் திறக்க வேண்டாம் என்று. ஏழு மணிக்குத் திறந்துவிட்டால் அப்புறம் சாயங்காலம் அடைகிறவரை ஒன்றையும் பிடிக்க முடியாது.